மணப்பாட்டு மணியும் நாகசாகி ஜெபமும்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். திருச்சபை பட்ட உபத்திரவங்கள், கஷ்ட காலத்துக்கு ஆவிக்குரிய விதத்தில் நாம் ஆயத்தமாவது எப்படி என்பது எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு. காலையில் காபி குடித்துக்கொண்டே கேட்கிற தலைப்பா இது என்று வானொலி நிலையத்து நண்பரிடம் கேட்டேன். "நீங்கள் பேசுங்கள் சார், கேட்பார்கள்" என்று சொல்லிவிட்டார். எனக்கு 15 நிமிடம் தந்திருக்கிறார்கள். வகுப்பில் மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டே இருந்து பழகிய ஆசிரியனுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான், பார்ப்போம்.

முதலில் ஒரு விஷயத்தை ஒதுக்கிவிடுவோம். நமக்கு வருகிற எல்லாத் தொல்லையும் உபத்திரவம் ஆகிவிடாது. சபைத் தேர்தலில் தோற்றவர், "விசுவாசத்துக்காகப் பாடு அனுபவிக்கிறேன்" என்று சொல்வதை நம் பக்கத்தில் கேட்டிருப்பீர்கள். வரப்புத் தகராறில் வழக்குத் தோற்றவரும் அதையேதான் சொல்வார். பாவம், அவர்களுக்கும் வருத்தம் இருக்கும். ஆனாலும் உயிரைக் கொடுத்தவர்கள் பெயரோடு நம் பெயரைச் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கி.பி. 250-ஆம் ஆண்டு. ரோமப் பேரரசன் டேசியஸ் ஓர் ஆணை போட்டான். பேரரசில் உள்ளவர்கள் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி, அதிகாரிகள் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நாம் இன்றைக்கு வி.ஏ.ஓ. ஆபீசில் வரிசையில் நிற்கிறோமே, அதே மாதிரி வரிசை. அந்தச் சான்றிதழ்களில் 40-க்கும் மேற்பட்டவை எகிப்து மணலுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. "நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவன், இப்போதும் உங்கள் முன்னால் பலியிட்டேன்" என்ற கருத்தில் எழுதி, கீழே சாட்சிக் கையெழுத்து. பலி செலுத்தாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவர்களும் உண்டு. லஞ்சம் அன்றைக்கும் இருந்திருக்கிறது!

அப்போது விசுவாசத்தைவிட்டு விழுந்துபோனவர்கள் ஏராளம். கார்த்தேஜ் நகரத்துப் பேராயர் சிப்ரியான் இதற்கு ஒரு காரணம் சொல்கிறார். நீண்ட நாள் சமாதானம் சபையின் ஒழுங்கைத் தளர்த்திவிட்டது என்கிறார். அவனவன் சொத்துச் சேர்ப்பதில் இருந்தான், கண்டிப்பு போய்விட்டது, ஜெபம் போய்விட்டது. ஆணை வந்த அன்றைக்குத்தான் எல்லோரும் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். நான் இன்றைக்குச் சொல்ல வந்ததே இதுதான். திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கஷ்டம் வந்தபின் ஆயத்தமாக முடியாது. ஒன்றுமில்லாத சாதாரண நாளில், வீட்டுக்குள் என்ன பழக்கம் இருக்கிறதோ, அதுதான் அன்றைக்கு நிற்கும்.

ஆயத்தம் என்றால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வம்புக்குப் போவது என்று சிலர் நினைக்கிறார்கள். ஏறத்தாழ 155-ஆம் ஆண்டு, இன்றைய துருக்கியில் இருக்கிற சிமிர்னா நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள். குவிந்து என்று ஒருவர், தானாகவே போய் அதிகாரிகள் முன்னால் நின்றார். சும்மா போகவில்லை, கூட வேறு சிலரையும் உசுப்பிவிட்டு இழுத்துக்கொண்டு போனார். காட்டு மிருகங்களைக் கண்ணால் பார்த்ததும் பயந்துபோய், சொன்னபடி சத்தியம் செய்து பலியும் செலுத்திவிட்டார். அதே ஊர்ப் பேராயர் பொலிகார்ப்பு வயதானவர். நண்பர்கள் வற்புறுத்தினார்கள் என்று ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்கு ஒதுங்கிப் போனார். தேடி வந்து பிடித்துவிட்டார்கள். பிடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொன்னார், பாருங்கள்! ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டார், இரண்டு மணி நேரம் ஜெபித்தார். கிறிஸ்துவைப் பழித்துச் சொல், விட்டுவிடுகிறேன் என்று அதிபதி சொன்னபோது, 86 வருஷமாக அவருக்கு ஊழியம் செய்கிறேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லையே என்றார். தேடிப் போனவர் விழுந்தார், ஒதுங்கியவர் நின்றார். எனக்கு இது பிடித்த சம்பவம். வீர வசனம் பேசுகிற வாலிபர்களுக்கு அடிக்கடி சொல்வேன்.

நம்ம ஊருக்கு வருவோம். திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். 1745 மே மாதம் அங்கேதான், திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்த நட்டாலத்து நீலகண்டபிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் பிள்ளை ஆனார். கொடுத்தவர் பரஞ்சோதிநாதர் என்று நம்மவர்கள் அழைத்த இயேசு சபைத் துறவி. அதற்குக் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய் எப்படிக் காரணமானார் என்பது தனிக்கதை, இப்போது வேண்டாம். 1749-இல் கைது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டார்கள். 2022 மே மாதம் ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது, டி.வி. முன்னால் உட்காராத வீடு அந்தப் பக்கம் இருந்திருக்காது. ஆனால் அவருடைய மனைவி ஞானப்பூ அம்மாளைப் பற்றி யார் பேசுகிறார்கள்? சொந்த பந்தத்தை விட்டு, கணவரையும் இழந்து, வடக்கன்குளத்திலேயே தங்கி வாழ்ந்து, அங்கேயே அடக்கமானவர். சுடப்படுவது ஒரு நாள். அந்த அம்மாள் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் விடிந்தால் எழுந்திருக்க வேண்டியிருந்ததே!

வடக்கன்குளத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அதே ஊரில் 1872-இல் கட்டின கோயிலில், ஒரு சாதிக்கு ஒரு பக்கம், இன்னொரு சாதிக்கு இன்னொரு பக்கம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். அந்தத் தடுப்பை இடித்தது 1910-இல். சிலுவைக்கு முன்னாலேயே தடுப்பு. வெளியிலிருந்து வந்த அடியை மட்டும் கணக்கில் எழுதினால் நம் வரலாறு பாதி வரலாறுதான்.

சீர்திருத்த சபைக்காரர்கள் "எங்களை விட்டுவிட்டீர்களே" என்பீர்கள். விடவில்லை. முதலூர் 1799-இல் எப்படி உண்டானது? சொந்த ஊரில் இருக்கவிடாமல் விரட்டப்பட்டவர்களுக்காக, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மண்ணில், சபையில் போதிக்கிற உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் முயற்சியில் உண்டான ஊர். பின்னால் ரேனியஸ் ஐயர், அதாவது சபைக் குருவானவர், பாளையங்கோட்டையில் இருந்தபோது, நிலம் வாங்கி இப்படிக் குடியேற்றவே தர்ம சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தினார். மெஞ்ஞானபுரம், ஆனந்தபுரம், டோனாவூர் என்று பஸ் போர்டில் பார்க்கிறோமே, அந்த மாதிரி ஊர்களில் பலவற்றின் தொடக்கத்தில் ஓர் ஓட்டமும் ஓர் அடைக்கலமும் இருக்கிறது. அங்கே சிங்கமும் இல்லை, வாளும் இல்லை. கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது, பயிரிடுகிற நிலத்தை விட்டு இறங்கு, ஜெபக்கூரைக்குத் தீ, கோர்ட்டில் ஒரு பொய் வழக்கு. பெரும்பாலான உபத்திரவம் உலகம் முழுக்க இப்படித்தான் இருந்திருக்கிறது. இதைத் தாங்குவதற்கு ஒரு நாள் வீரம் போதாது, தினம் தினம் பொறுமை வேண்டும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த கதை. இதற்கு நேரம் எடுத்துக்கொள்வேன் என்று முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

மணப்பாட்டுக்குப் போயிருப்பீர்கள். திருச்சிலுவைத் திருவிழாவுக்கு செப்டம்பரில் கூட்டம் தாங்காது. கடலைப் பார்த்த மாதிரி ஒரு குகை இருக்கிறதே, இயேசு சபைத் துறவி பிரான்சிஸ் சவேரியார் தங்கினது என்று சொல்வார்கள். சவேரியார் முத்துக்குளித்துறை என்கிற இந்தக் கடற்கரைக்கு வந்தது 1542-இல். ஞானஸ்நானம் பெற்ற பரதவர் மக்கள் ஏற்கெனவே இருந்தார்கள், ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. இவருக்கோ தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை உட்காரவைத்து, விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த ஜெபம், பத்துக் கட்டளை எல்லாவற்றையும் தமிழாக்கித் தாமே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக ஆட்டிப் பிள்ளைகளைக் கூட்டினார். காலையிலும் மாலையிலும் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும், அடுத்த வீட்டுக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். புத்தகம் கிடையாது, மனப்பாடம் மட்டும்தான். 1544-இல் வடுகர் என்கிற தெலுங்குக்காரர் படை கடற்கரையில் புகுந்து அடித்தபோது, ஜனங்கள் கடலுக்குள் இருந்த பாறைகளில் போய்ப் பசியும் தாகமுமாகக் கிடந்தார்கள். சவேரியார் தோணிகளில் உணவு கொண்டுபோக அலைந்தார். அந்தப் பாறைமேல் அவர்களிடம் வேறென்ன இருந்திருக்கும்? படித்த ஜெபம் இருந்தது.

அதே சவேரியார்தான் 1549-இல் ஜப்பானில் இறங்குகிறார். அங்கே சபை வளர்ந்தது. அப்புறம் அடி விழுந்தது. 1597-இல் நாகசாகியில் 26 பேரைச் சிலுவையில் அறைந்தார்கள். 1614-இல் நாடு முழுவதும் தடை. பாதிரிமாரில் சிலர் வெளியேறினார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். கிறிஸ்துவின் உருவத்தைத் தரையில் வைத்து, மிதித்துவிட்டுப் போ என்று ஊர் ஜனங்களை வரிசையில் நிறுத்தினார்கள். அவ்வளவுதான், முடிந்தது என்று உலகமே நினைத்தது.

200 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1865-இல் வெளிநாட்டவர்களுக்காக நாகசாகியில் ஒரு கோயில் கட்டினார்கள். மார்ச் 17-ஆம் தேதி, உரகாமி என்ற கிராமத்திலிருந்து ஒரு சிறு கூட்டம் வந்து வாசலில் நின்றது. பெட்டிஜான் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் உள்ளே கூட்டிப் போனார். அவர் ஜெபித்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மாள் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள்: எங்கள் மனசும் உங்கள் மனசும் ஒன்றுதான். மரியாள் சுரூபம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். இப்போது துக்க காலம் அல்லவா, நீங்களும் அனுசரிக்கிறீர்களா என்றும் அவரிடம் கேட்டார்கள். அது ஈஸ்டருக்கு முன்னால் வருகிற தவக்காலம்தான் நேயர்களே! பாதிரியாரே இல்லாமல், ஏழு தலைமுறை, லெந்து நாள் தப்பாமல் எண்ணி வைத்திருந்தார்கள்.

எப்படி முடிந்தது? ஊருக்கு ஊர் மூன்று வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருவர் திருநாள் கணக்கைப் பார்த்துக்கொள்வார். ஒருவர் ஞானஸ்நானம் கொடுப்பார். ஒருவர் வீடு வீடாகச் செய்தி சொல்வார். ஜெபங்கள் வாயிலேயே இருந்தன. அப்பன் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தான். சில சொற்கள் தேய்ந்து, அர்த்தமே தெரியாமல் போயிருந்தன, ஆனாலும் விடவில்லை. அதற்குப் பிறகும் அடி ஓயவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உரகாமிக்காரர்கள் 3,000 பேருக்கு மேல் வேறு வேறு ஊர்களுக்கு நாடு கடத்தப்பட்டார்கள், நூற்றுக்கணக்கில் செத்தார்கள். தடை நீங்கியது 1873-இல்தான்.

மணப்பாட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே ஆள், அதே மனப்பாட வழி. அதனால்தான் மனப்பாடம், மனப்பாடம் என்று நான் அடித்துக்கொள்கிறேன். என் பிள்ளைகளுக்கே அலுத்துப்போன விஷயம் இது. ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம் சொன்னால் நமக்கு ஒரு படம் கொடுப்பார்கள். இப்போது கேட்டால், "போன்ல இருக்கு தாத்தா" என்கிறார்கள். 2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. தாமிரபரணி வீட்டுக்குள் வந்துவிட்டது. கரண்ட் இல்லை, டவர் இல்லை, போன் செத்துப்போனது. அன்று ராத்திரி மொட்டை மாடியில் நின்றவர்களில் 91-ஆம் சங்கீதம் வாயில் இருந்தவர்கள் சொன்னார்கள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனைக்கும் அது வெள்ளம்தான், உபத்திரவம் இல்லை. ஆகவே ஒரு வேலை சொல்கிறேன். ராத்திரி குடும்ப ஜெபத்தில் வாரத்துக்கு ஒரு வசனம் போதும். 23-ஆம் சங்கீதத்தில் ஆரம்பியுங்கள். பெரியவர்களும் பார்க்காமல் சொல்ல வேண்டும், பிள்ளைகளை மட்டும் விரட்டக் கூடாது.

இரண்டாவது, ஐயர் இல்லாவிட்டால் ஆராதனை இல்லை என்கிற நிலைமை கூடாது. நம்ம ஊர் சபைகளைக் கட்டினதே உபதேசிமார்தான். ஐயர் வருஷத்தில் சில தடவை வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் நடத்துவதும், வியாதிக்காரரைப் பார்ப்பதும், சவ அடக்கமும் அவர்கள் பாடு. இன்று உங்கள் தெருவில் நாலு வீடு சேர்ந்து ஜெபிக்க ஆள் இருக்கிறதா? யாருக்கு வீட்டில் அரிசி இல்லை என்று யாருக்காவது தெரியுமா? சமைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைக்கிற பிடியரிசிக் கலயத்தைக் கோயிலில் மட்டும் கொட்டாமல்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நண்பர் கையைக் காட்டுகிறார். உபவாசத்தைப் பற்றிக் குறிப்பு எடுத்து வந்தேன், அதை விட்டுவிடுகிறேன். கடைசி விஷயத்தை மட்டும் அவசரமாகச் சொல்கிறேன், உண்மையில் அதுதான் கடினமானது. நமக்குத் தீங்கு செய்கிறவருக்காக ஜெபிப்பது. நாகசாகியில் சிலுவையில் தொங்கின 26 பேரில் ஒருவரான பால் மிக்கி, தன்னைக் கொல்கிறவர்களை மன்னிக்கிறேன் என்று அங்கிருந்தே சொன்னார். அது அந்த நிமிடத்தில் வந்த பேச்சு இல்லை. பழகியிருக்க வேண்டும். நாம் பெரிய பகைவரைத் தேட வேண்டாம். வரப்பை வெட்டினவர், ஆபீசில் குறைசொல்லி எழுதிப் போட்டவர், கல்யாணத்துக்குச் சொல்லாமல் விட்ட சித்தப்பா, இவர்களில் ஒருவர் பெயரை இன்று ராத்திரி ஜெபத்தில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் கேட்கட்டும். விளக்கு எரிந்துவிட்டது, நான் எழுந்திருக்க வேண்டும். நன்றி, வணக்கம்.