விளிம்பில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

நண்பர்களே, வணக்கம்.

பழைய அமெரிக்கக் காமிக்ஸ் இதழ்களைச் சேர்ப்பவர்கள் இந்த அரங்கில் பலர் இருக்கிறீர்கள். நான் பேச வந்தது, அந்த இதழ்கள் அச்சாவதற்கு முன் ஓவியர்கள் கையால் வரைந்த மூலப் பக்கங்களைப் பற்றி. இதழ் லட்சக்கணக்கில் அச்சாகியிருக்கும். மூலப் பக்கமோ ஒன்றே ஒன்றுதான்.

அதை முதன்முதலாகப் பார்ப்பவர் அதன் அளவைக் கண்டே திகைப்பார். 1960களின் பிற்பகுதிவரை, அச்சில் வருவதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு பெரிதாகத்தான் வரைந்தார்கள். அதன் பிறகு 10க்கு 15 அங்குலம் என்ற அளவு வழக்கத்துக்கு வந்தது. வரைந்த தடித்த தாளில் இருப்பது பென்சிலும் கறுப்பு மையும் மட்டுமே. வண்ணங்களைத் தனித் தாளில் குறித்து அனுப்பினார்கள். கேமராவில் விழாத வெளிர்நீலப் பென்சில் கோடுகள், தவறை மறைத்த வெள்ளைப் பூச்சு, வசனத்தை மாற்ற ஒட்டிய காகிதத் துண்டு எல்லாம் அப்படியே கண்ணுக்குத் தெரியும். மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அச்சானபோது இவை அத்தனையும் மறைந்துபோயின.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது விளிம்பைப் பற்றி. 1960களில் மார்வெல் நிறுவனத்தில் எழுத்தாளரும் ஆசிரியருமான ஸ்டான் லீ முழு வசனத்தையும் முன்கூட்டியே எழுதித் தருவதில்லை. கதையின் போக்கைச் சொல்வார். அதைப் பக்கம் பக்கமாக, கட்டம் கட்டமாகப் பிரித்து நடத்திச் செல்வது ஓவியரின் வேலை. வரைந்து முடித்த பிறகே வசனம் எழுதப்படும். ஆகவே அங்கே வரைந்த ஓவியர் ஜாக் கிர்பி ஒவ்வொரு கட்டத்துக்கும் அருகே, விளிம்பில், அங்கே என்ன நடக்கிறது, பாத்திரம் எதை நினைக்கிறது என்று பென்சிலால் எழுதிவைத்தார். அச்சில் அந்த விளிம்பு வரவே இல்லை. இதழை மட்டும் படித்தவருக்குக் கிர்பி படம் வரைந்தவர். மூலப் பக்கத்தைப் பார்த்தவருக்கு அவர் கதை சொன்னவரும்கூட. 1966இல் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் 48ஆம் இதழில் சில்வர் சர்ஃபர் தோன்றுகிறான். தான் சொன்ன கதையில் அப்படி ஒரு பாத்திரமே இல்லை, கிர்பி தாமாகவே வரைந்து கொண்டுவந்தார் என்று லீயே பின்னாளில் சொல்லியிருக்கிறார். லீ, கிர்பி இருவரில் யார் எதைப் படைத்தார்கள் என்ற பெரிய சர்ச்சையில், அந்தப் பென்சில் எழுத்தைவிட நேரடியான சாட்சி எது?

அத்தகைய சாட்சிகளைத்தான் குப்பையில் போட்டார்கள். பக்கத்தைப் படம்பிடித்து அச்சுத்தகடு செய்தவுடன் அதன் வேலை முடிந்தது என்பது பதிப்பகங்களின் எண்ணம். சிலவற்றை வெட்டி எறிந்தார்கள், சிலவற்றை வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள், மிச்சம் கிடங்குகளில் கிடந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் ஒருவர் மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டார். தம்முடைய இசி காமிக்ஸ் நிறுவனத்தின் மூல ஓவியங்களைப் பத்திரமாக வைத்திருந்தார். 1970களின் இறுதியில் காமிக்ஸ் பதிப்பாளர் ரஸ் காக்ரன் வழியாக அவை ஏலத்துக்கு வரத் தொடங்கின. 1950களின் மற்ற நிறுவனங்களோடு ஒப்பிட்டால், இசி ஓவியர்களின் கைவண்ணம் இன்று இவ்வளவு முழுமையாகக் காணக் கிடைப்பதற்கு அந்த ஒரு மனிதரின் அக்கறையே காரணம்.

பெரிய நிறுவனங்கள் ஓவியர்களுக்குப் பக்கங்களைத் திருப்பித் தரத் தொடங்கியது 1970களின் நடுவில்தான். அதுவும் எல்லோருக்கும் ஒரே மாதிரியாக நடக்கவில்லை. பழைய பக்கங்கள் வேண்டுமென்றால் மற்றவர்கள் ஒரு சிறிய படிவத்தில் கையெழுத்திட்டால் போதும் என்றிருந்தபோது, கிர்பியிடம் மட்டும் மார்வெல் நிறுவனத்தார் பல பக்க உடன்படிக்கையை நீட்டினார்கள். சக ஓவியர்களும் வாசகர்களும் வெளிப்படையாகக் குரல் எழுப்பினார்கள். 1987இல் அவருக்கு வந்து சேர்ந்தவை ஏறக்குறைய 2,000 பக்கங்கள். அவர் அங்கே வரைந்தவற்றில் அது ஒரு சிறு பங்கு. மீதியில் பல அதற்குள் சந்தைக்குப் போயிருந்தன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஆகவே 1960களின் பக்கம் ஒன்றை வாங்கும்போது, அது ஓவியர் கையிலிருந்து எப்படி வெளியேறியது என்று கேட்பது உங்கள் கடமை.

விலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 ஜனவரியில், சீக்ரெட் வார்ஸ் 8ஆம் இதழுக்கு மைக் ஜெக் வரைந்த ஒரே ஒரு பக்கம் 33 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. ஸ்பைடர்மேனின் கறுப்பு உடை பிறந்த கதை அதில் இருக்கிறது. சந்தை எப்போதும் நாயகன் நடுவில் நிற்கும் பக்கத்தையே தேடுகிறது. நான் சொல்வேன்: இருவர் அறைக்குள் உட்கார்ந்து பேசும் பக்கத்தைத் தேடுங்கள். ஓவியர் கதையை எப்படி நகர்த்தினார் என்பது அங்கேதான் புலப்படும், விலையும் குறைவு. போலிகளும் உலவுகின்றன. அடியில் விளக்கு எரியும் ஒளிப்பெட்டியில் வைத்துப் படியெடுத்த கோட்டில் தயக்கம் தெரியும். மையின் அடியில், தேடித் தேடிப் போட்ட பென்சில் கோடுகள் இருக்காது. பக்கத்தின் பின்புறத்தையும் கேட்டுப் பாருங்கள். பல பக்கங்களின் பின்னால் முத்திரைகளும் குறிப்புகளும் இருக்கும்.

வாங்கிய பிறகு பக்கத்தை அழகுபடுத்தாதீர்கள். சட்டகத்துக்குப் பொருந்தவில்லை என்று விளிம்பை வெட்டியவர்கள் இருக்கிறார்கள். அழுக்கு என்று நினைத்துப் பென்சில் குறிப்பை அழித்தவர்களும் இருக்கிறார்கள். பழைய ரப்பர் பசை மஞ்சளாகி, ஒட்டிய வசனத் துண்டு உதிர்ந்தால், அதை அமிலமற்ற உறையில் போட்டு அந்தப் பக்கத்தோடேயே வையுங்கள். வெயில் படும் சுவர் வேண்டாம். மூலப் பக்கத்தை வாங்கியதால் அதை அச்சிட்டு விற்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

2008இல், பெயர் சொல்ல விரும்பாத ஒருவர், ஸ்பைடர்மேன் முதன்முதலில் தோன்றிய 1962ஆம் ஆண்டின் அமேசிங் ஃபேன்டஸி 15ஆம் இதழுக்காக ஸ்டீவ் டிட்கோ வரைந்த 24 பக்கங்களை அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். விற்றிருந்தால் பெருஞ்செல்வம் சேர்ந்திருக்கும். இன்று ஆய்வாளர்கள் அந்தப் பக்கங்களை அங்கே போய்ப் பார்க்க முடிகிறது. எல்லோரும் தானம் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உங்களிடம் உள்ள ஒவ்வொரு பக்கத்தையும் உறையிலிருந்து எடுத்து, முன்னும் பின்னும், நான்கு விளிம்புகளும் முழுதாகத் தெரியும்படி ஸ்கேன் செய்து, கேட்கும் ஆய்வாளருக்குக் கொடுங்கள். அதை இந்த வாரமே தொடங்குங்கள்.