முதலில் நம்ம லயத்துக்கு

வணக்கம் நேயர்களே.

நம் இலங்கை மலையகத்தில் சங்கம் இல்லாத தேயிலைத் தோட்டத்தைப் பார்க்க முடியாது. மரண உதவிச் சங்கம், மாதர் சங்கம், வாசிகசாலை, இளைஞர் கழகம், கோயில் கமிட்டி, அப்புறம் ஹட்டனிலும் பதுளையிலும் அலுவலகம் வைத்திருக்கிற அரச சார்பற்ற நிறுவனங்கள். இவற்றில் பலவற்றுக்கு இன்று ஒரு பேஸ்புக் பக்கமோ வாட்ஸ்அப் குழுவோ இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அதை யாருக்காக நடத்துகிறோம்? இன்றைக்கு நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

வானொலியில் உட்கார்ந்து இதைப் பேசும்போது கொத்மலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் ஆதரவோடு இணையத்தை ஊருக்குள் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் கிராமத்து வீட்டில் கணினி ஏது? நேயர்கள் தங்கள் கேள்விகளை நிலையத்துக்கு அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, கிடைத்த ஆங்கிலத் தகவலை உள்ளூர் மொழியில் விளக்கிச் சொல்வார்கள். வெளிநாடுகளிலும் இதை ஒரு முன்மாதிரியாக எடுத்துப் பேசினார்கள். அந்தக் கேள்வி ஊரிலிருந்து புறப்பட்டது, பதிலும் ஊருக்கே வந்து சேர்ந்தது. கையில் ஸ்மார்ட் போன் இருக்கிற நாம் இன்று அதைச் செய்கிறோமா?

நம் சங்கங்களின் பக்கங்களைத் திறந்து பாருங்கள். அதிகமாகக் கண்ணில் படுவது உலர் உணவுப் பொதி கொடுக்கும் படம்தான். ஒரே பொதியை ஐந்தாறு கைகள் பிடித்திருக்கும். நடுவில், மலையிலிருந்து இறங்கி வந்த அம்மா ஒருவர், கொழுந்துக் கறை மாறாத விரல்களோடு நிற்பார். கேமராவைப் பார்க்கச் சொன்னதால் பார்ப்பார். அவருடைய மகள் பக்கத்துப் பாடசாலையில் படிக்கிறாள். பின்னேரத்துக்குள் அந்தப் படம் அவளுடைய வகுப்புப் பிள்ளைகளின் வீட்டு போன்களுக்கெல்லாம் வந்துவிடும். பொதியில் இருந்த அரிசியும் பருப்பும் சில நாட்களில் தீர்ந்துவிடும். படம் எத்தனை வருடமானாலும் அங்கேயே கிடக்கும். இதை நினைத்தால் எனக்கு மனம் தாங்குவதில்லை.

உதவி செய்தவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும், அது நியாயம். கடைப் பில்லைக் காட்டலாம். லொறியில் இருந்து மூட்டை இறக்குவதைக் காட்டலாம். எத்தனை குடும்பத்துக்குக் கொடுத்தோம் என்று எழுதலாம். பெற்றவர்களின் கையெழுத்துப் பட்டியலை உலகத்துக்குப் போடாமல், பணம் தந்தவரிடம் மட்டும் காட்டலாம். யாருடைய முகத்தையாவது போடத்தான் வேண்டும் என்றால், எங்கே போடப் போகிறோம் என்று சொல்லி, அவர் சம்மதித்த பின் போட வேண்டும். பொதியைக் கையில் கொடுத்துக்கொண்டே கேட்டால் யார் வேண்டாம் என்பார்? முன்னதாகவே கேட்க வேண்டும். பிள்ளைகளின் முகம், பெயர், பாடசாலை மூன்றையும் சேர்த்துப் போடவே கூடாது.

சரி, பக்கத்தில் வேறு எதைப் போடுவது? லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிறவருக்குப் பயன்படுவதைப் போடுங்கள். உதாரணத்துக்கு ஊழியர் சேமலாப நிதியை எடுத்துக்கொள்வோம். வேலையை விட்டு நின்ற பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அந்தப் பணத்தைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் தோட்டத்தில் எத்தனையோ பேருக்குப் பெயரில்தான் சிக்கல். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் வீட்டில் கூப்பிடுகிற பெயர். வாழ்நாள் முழுக்க உழைத்த பணம் ஓர் எழுத்து மாறியதால் இழுபடும். உங்கள் குழுவில் இப்படி ஒரு குரல் பதிவு போடுங்கள்: "அக்கா, ஓய்வு பெற இன்னும் இரண்டு மூன்று வருடம் இருக்கும்போதே ஐடியையும் செக்ரோல் பெயரையும் ஒன்றாக வைத்துப் பாருங்க. வித்தியாசம் இருந்தால் இப்பவே நம்ம சங்கத்துக்கு வந்து சொல்லுங்க." ஒரு நிமிடம்கூட ஆகாது.

எழுத்தாகப் போடாமல் குரலில் போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெற்ற தாய் குவைத்திலோ சவூதியிலோ வேலை செய்ய, வீட்டில் போன் பாட்டியின் கையில் இருக்கும். பாட்டிக்கு வாசிப்பது கஷ்டம், கேட்பது சுலபம். அதே பதிவை அங்கே தாயும் கேட்பார். வீடியோவை விட இதற்கு டேட்டாவும் மிகக் குறைவு. அடுத்த ரீலோட் எப்போது போடுவோம் என்று பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிற வீட்டில் அதுவும் பெரிய விஷயம். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடுகிற நேரத்தில் அனுப்பாதீர்கள். இரவுச் சமையல் முடிகிற நேரம் பார்த்து அனுப்புங்கள். குட் மோர்னிங் படங்களுக்கு நடுவே முக்கியமான செய்தி புதைந்து போகாதபடி, நிர்வாகிகள் மட்டும் பதிவிடும்படி குழுவை மாற்றிவிடலாம். ஆனால் திருப்பிக் கேட்க ஓர் எண் இருக்க வேண்டும். வருகிற கேள்விகளுக்கு வாரம் ஒரு நாள் பதில் சொல்ல வேண்டும்.

இன்னும் சில காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறிவித்தலை பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துப் படமாக்கிப் போடுகிறோம். அப்படிப் போட்டால் நாளைக்குத் தேடினாலும் கிடைக்காது, பார்வையற்றவரின் போன் அதைச் சரியாக வாசித்துக் காட்டுமென்று நம்பவும் முடியாது. யூனிகோடில் எழுதிப் போடுங்கள். பக்கத்தைத் தொடங்கிய தம்பி வேலைக்குக் கொழும்புக்குப் போனதும் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடுகிறது. ஆகவே குறைந்தது மூன்று பேராவது நிர்வாகிகளாக இருக்க வேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். பணம் கேட்டால் சங்கத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கையும் பதிவு எண்ணையும் போட்டுக் கேளுங்கள், தனி ஆளின் கணக்கில் வாங்கவே வேண்டாம். தேவையான தொகை சேர்ந்ததும், போதும் என்று அறிவியுங்கள். அந்த ஒரு வார்த்தைக்கே அடுத்த முறை நம்பிக் கொடுப்பார்கள்.

கடைசியாக மண்சரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்கவே முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் பட்ட பாட்டை நேயர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இப்படியான நாட்களில் பழைய படங்களும் வதந்திகளும் எல்லோருடைய போனிலும் ஓடும். தேதி, நேரம், யார் சொன்னது என்ற மூன்றும் இல்லாத எதையும் சங்கத்துக் குழுவில் விடாதீர்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று மட்டங்களில் எச்சரிக்கை தருகிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். ஆனால் அந்த எச்சரிக்கை பிரதேச செயலாளர் பிரிவின் பெயரில் வருகிறது. நம் ஆட்களோ தோட்டத்தின் பெயரையும், மேற்கணக்கு, பணியகணக்கு என்று தோட்டத்தின் மேல், கீழ் டிவிஷன்களையும் சொல்லித்தான் இடத்தை அறிகிறவர்கள். நுவரெலியா மாவட்டத்தில் 5 ஆக இருந்த பிரிவுகள் 10 ஆகிவிட்டதால் குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது. வானொலியில் பிரிவின் பெயரைக் கேட்டும், அது தன் லயத்தைத்தான் சொல்கிறது என்று தெரியாமல் ஒருவர் படுத்துத் தூங்கிவிடலாம்.

இந்த இடைவெளியை நிரப்ப, அந்தத் தோட்டத்தைத் தெரிந்த சங்கத்தை விடப் பொருத்தமானவர் யார்? மழைக்காலம் வருமுன், உங்கள் தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனும் எந்தப் பிரதேச செயலாளர் பிரிவில், எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவில் இருக்கிறது என்று எழுதி, குழுவின் விவரப் பகுதியில் போட்டு வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். எச்சரிக்கை வந்ததும், "மேற்கணக்குத் தொங்க லயத்து ஆட்கள் உடனே பாடசாலைக்கு வாங்க" என்று அவர்களுக்குப் பழகிய குரலில் அனுப்புங்கள். போன் இல்லாத காம்பராக்கள், அதாவது லயத்து அறைகள், எவை, அந்தக் கதவுகளை யார் போய்த் தட்டுவது என்பதை அடுத்த மாதக் கூட்டத்திலேயே பெயர் குறித்து முடிவு செய்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.