மண்ணை எடுத்து நிமிர்த்திய மணிக்கோபுரம்

அவையோருக்கு வணக்கம். பீசா கோபுரம் சாய்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். அது ஏன் இன்னும் விழவில்லை என்பதுதான் இன்றைய பேச்சு.

பேராலயத்துக்கு மணி அடிக்கக் கட்டிய கோபுரம் அது. எடை சுமார் 14,500 டன். அடித்தளத்தின் ஆழமோ மூன்று மீட்டர் சொச்சம். அதற்கும் கீழே வண்டலும் மணலும், பிறகு கொழகொழத்த கடற்களிமண். 1173இல் தொடங்கிய வேலை, நான்காம் நிலையைத் தொடும்போதே 1178 வாக்கில் நின்றுபோனது. மீண்டும் கைவைத்தது 1272இல். பாரம் ஏறிய களிமண்ணிலிருந்து நீர் மெல்லக் கசிந்து, மண் இறுக அந்த இடைவெளி உதவியது. ஒரே மூச்சில் கட்டியிருந்தால் அப்போதே சரிந்திருக்கும். வேலை நின்றது நல்லதாயிற்று!

கெடுதல் செய்தது பிற்கால அக்கறைதான். 1838இல் புதைந்த அடிப்பகுதியைக் காட்டவென்று சுற்றிலும் பள்ளம் தோண்டினார்கள். நிலத்தடி நீர் பொங்கியது, சாய்வு கூடியது. 1934இல் அடித்தளத்தில் 361 துளைகள் போட்டு சிமெண்ட் பால் செலுத்தினார்கள், இன்னும் சாய்ந்தது. 1989இல் அதே இத்தாலியின் பாவியா நகரத்துக் கோபுரம் இடிந்து நான்கு பேர் இறந்ததும், 1990 ஜனவரியில் பீசாவையும் மூடினார்கள்.

கோபுரம் சாய்ந்திருப்பது தெற்கே. அதற்கு எதிர்ப்பாரமாக 1993இல் வடபுறம் 600 டன் ஈயக்கட்டிகளை அடுக்கியதில் சாய்வு சற்றே குறைந்தது. 1995இல் திரவ நைட்ரஜனால் மண்ணை உறையவைத்துத் தோண்டப் போக, கோபுரம் மறுபடி தெற்கே நகர்ந்தது. அவசரமாக ஈயத்தை 900 டன் ஆக்கினார்கள்.

கடைசியில் பலித்தது எளிய வழி. வடபுறத்தில் 41 சாய்ந்த குழாய்களை இறக்கி, திருகு அலகால் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுத்தார்கள். மொத்தமே 38 கன மீட்டர்தான். எடுத்த இடத்தில் மண் அமுங்க, கோபுரம் வடக்கே இறங்கியது. ஐந்தரை பாகையாக இருந்த சாய்வு சுமார் அரை பாகை குறைந்தது. முழுக்க நிமிர்த்துவது நோக்கமே அல்ல. அப்புறம் யார் பார்க்க வருவார்கள்? 2001 டிசம்பரில் மீண்டும் திறந்தார்கள்.

ஏறுபவர்கள் பையைக் கீழேயே ஒப்படைக்க வேண்டும். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அனுமதியில்லை. உச்சியில் மணி அறைக்குப் போகும் படிகளை எண்ணிப் பாருங்கள். தெற்கே ஆறு, வடக்கே நாலு. 1370 வாக்கில் அந்த அறையைக் கட்டிய கொத்தனார்கள், சாய்ந்த கோபுரத்தின் மேல் தளத்தைச் சமமாக்கப் போட்ட கணக்கு அது.