மினிமம் கட்டினால் போதுமா?

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

இப்போதெல்லாம் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பாடசாலை ஆசிரியர் அறை, ஆஸ்பத்திரி வாசல், கச்சேரி வளவு என்று ஓரிடம் விடாமல் கிரெடிட் கார்ட் பிடித்துக் கொடுக்கிற பிள்ளைகள் வருகிறார்கள். வெயிலில் அலைகிற பிள்ளைகள். மாதத்துக்கு இத்தனை கார்ட் என்று அவர்களுக்கு இலக்கு. "மிஸ், சம்பளச் சிட்டையும் அடையாள அட்டையும் தந்தாக் காணும். முதல் வருசம் கட்டணமே இல்ல" என்பார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் நின்ற நிலையில் பேசுகிற அந்த ஐந்து நிமிடத்தில் அவர்கள் சொல்லாமல் விடுகிற சில விஷயங்கள் இருக்கின்றன. வங்கியில் கடன் பகுதியிலேயே தலை நரைத்தவன் நான் என்பதால், அதைச் சொல்லச் சொல்லி வானொலி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள்.

கார்ட் எடுக்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. என்னிடமும் ஒன்று இருக்கிறது. பெற்றோல் அடிக்க, பேரப்பிள்ளைக்குப் பால்மா வாங்க, கொழும்புக்குப் போனால் ஹோட்டல் பதிய எல்லாம் அதைத்தான் பாவிக்கிறேன்.

கார்ட்டுக்கு இரண்டு திகதி உண்டு. ஒன்று பில் மூடுகிற திகதி, மற்றது காசு கட்டக் கடைசித் திகதி. உங்கள் பில் ஒவ்வொரு மாதமும் 15ஆம் திகதி மூடுகிறது, கட்டக் கடைசி நாள் அடுத்த மாதம் 7ஆம் திகதி என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 16இல் ஒரு மின்விசிறி வாங்குகிறீர்கள். அது பெப்ரவரி 15இல் மூடுகிற பில்லில்தான் ஏறும். மார்ச் 7 வரை, ஏறத்தாழ 50 நாள், வங்கியின் காசு ஒரு சதம் வட்டியில்லாமல் உங்கள் கையில் இருக்கிறது. அதே மின்விசிறியைப் பெப்ரவரி 14இல் வாங்கினால் கிடைப்பது 21 நாள். பெரிய சாமான் வாங்குகிறவர்கள் இந்தத் திகதியைப் பார்த்து ஒன்றிரண்டு நாள் பிந்தி வாங்கினால் ஒரு மாதம் லாபம்.

சரி, பில் வந்துவிட்டது. அதில் இரண்டு தொகை இருக்கும். மொத்தம் இவ்வளவு, குறைந்தபட்சம் கட்ட வேண்டியது இவ்வளவு. மொத்தம் ஒரு லட்சம் என்றால் குறைந்தபட்சம் 5,000 மட்டில் இருக்கும். நம்மவர்களின் கண் போவது அந்த 5,000 மீதுதான். "மினிமம் கட்டிட்டன் சேர், பிரச்சினை இல்லத்தானே?" என்று கவுண்டரில் நின்று கேட்பார்கள். வங்கிக்குப் பிரச்சினை இல்லை. தாமதக் கட்டணம் விழாது, வசூல் பகுதியிலிருந்து கோல் வராது. ஆனால் வட்டி ஓடத் தொடங்கிவிட்டது.

எவ்வளவு ஓடும்? ஆண்டுக்கு 28 வீதம் என்று எடுத்துக் கணக்குப் பார்ப்போம். ஒரு லட்சம் ரூபாய் கடன். இனிக் கார்ட்டைத் தொடுவதில்லை என்று சத்தியம் பண்ணி மேசைக்குள் பூட்டியாயிற்று. மாதாமாதம் பில்லில் போட்ட ஐந்து வீதத்தை ஒழுங்காகக் கட்டுகிறீர்கள். ஒரு வருடம் முடிய நீங்கள் கட்டியிருப்பது கிட்டத்தட்ட 52,800 ரூபாய். கடன் எவ்வளவு மிச்சம்? 71,000க்கு மேல். அதாவது 24,000 ரூபாய் வட்டியாகவே போய்விட்டது. கடன் பாதியாகக் குறைய இரண்டு வருடம் தாண்டும். இது கார்ட்டைத் தொடாத உத்தமரின் கணக்கு. நம்மில் எத்தனை பேர் உத்தமர்?

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் படித்தவர்களே கவனிப்பதில்லை. பில் தொகை முழுவதையும் கட்டாமல் கொஞ்சத்தை மிச்சம் விட்டால், நான் முதலில் சொன்ன அந்த 50 நாள் சலுகை பெரும்பாலான வங்கிகளில் இல்லாமற் போய்விடும். சாமான் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடுவார்கள். இந்த மாதம் புதிதாக வாங்கும் மரக்கறிக்கும் வாங்கிய அன்றே வட்டி தொடங்கும். கடையில் 20 வீதக் கழிவு கிடைத்தது என்று சந்தோசப்பட்டு வருவோம், பின்கதவால் அது போய்க்கொண்டிருக்கும். ஏ.ரி.எம்.மில் கிரெடிட் கார்ட்டைப் போட்டுக் காசு எடுப்பது இதைவிட மோசம். அதற்கு ஒரு கட்டணம், எடுத்த நிமிடத்திலிருந்தே வட்டி, சலுகை நாள் என்ற பேச்சே கிடையாது.

வட்டி வீதமும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2020இல் மத்திய வங்கி கார்ட் வட்டியை ஆண்டுக்கு 18 வீதத்துக்கு மேல் போகாமல் மட்டுப்படுத்தியது. 18தானே என்று பலர் நிலுவையை இழுத்துக்கொண்டு போனார்கள். 2022 நெருக்கடி வந்தது, அந்த வரம்பு நீங்கியது, 30, 36 என்று ஏறியது. 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி மறுபடி தலையிட்டு 28 வீதம்தான் உச்சம் என்று கட்டளை போட்டது. 18 வீதம் என்று நினைத்து வாங்கிய குளிர்சாதனப் பெட்டிக்கு 36 வீதத்தில் வட்டி கட்டியவர்கள் இந்த ஊர்களிலேயே இருக்கிறார்கள்.

இனி வேளாண்மைக்காரருக்கு ஒரு வார்த்தை. நம்முடைய பக்கத்தில் கடன் என்பது போகத்தோடு ஓடுகிற விஷயம். உரக்கடையில் கொப்பியில் எழுதிவிட்டு, "வெட்டின உடன தாறன்" என்றால் கடைக்காரர் தலையாட்டுவார். மழை பிந்தினாலும், அறுத்த நெல்லுக்கு விலை விழுந்தாலும் இன்னும் ஒரு மாதம் பொறுப்பார், ஏனென்றால் அவருக்கும் அதே வட்டையில் காணி இருக்கும். கார்ட்டுக்கு அந்த ஞாயம் விளங்காது. ஐப்பசியில் உரமும் களைநாசினியும் கார்ட்டில் வாங்கினால் மார்கழி பிறக்கும்போதே காசு கேட்கும். நெல் அப்போதுதான் குடலைப் பருவத்துக்கு வரும். வெட்டு மாசி, பங்குனியில். ஆகையால் போகச் செலவைக் கார்ட்டில் போடாதீர்கள் என்று பிடிவாதமாகவே சொல்வேன். வேறு வழியே இல்லை, வீட்டில் நகை இருக்கிறது என்றால் வங்கியில் ஈடு வைப்பது மலிவு. 2023இல் கார்ட்டுக்கு 28 வீத உச்சம் போட்ட அதே கட்டளையில் நகை ஈட்டுக்கு 18 வீதம்தான் உச்சம். காதில் கழுத்தில் கிடப்பதைக் கழற்றுவதில் ஒரு கூச்சம் இருக்கிறது, அது எனக்கும் தெரியும். பத்து வீதத்தை அந்தக் கூச்சத்துக்காகக் கொடுக்க வேண்டுமா என்று வீட்டில் இருந்து பேசி முடிவெடுங்கள்.

கடைகளில் இன்னொரு பழக்கம் இருக்கிறது. "கார்ட் என்றால் மூன்று வீதம் கூட" என்பார்கள். அப்படி வாடிக்கையாளரிடம் மேலதிகமாக அறவிடக் கூடாது. அது கடைக்கும் அதன் வங்கிக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல். மேலதிகமாக எடுத்தால் பற்றுச்சீட்டோடு உங்களுக்குக் கார்ட் தந்த வங்கியிடம் முறையிடச் சொல்லி மத்திய வங்கியே அறிவித்திருக்கிறது.

அப்புறம் கிரிப். இந்தப் பேரைக் கேட்டால் நம் ஊரில் பாதிப்பேர் பயப்படுகிறார்கள். "என்ன கிரிப்பில போட்டுட்டாங்க" என்று, ஏதோ பொலிசில் போட்ட மாதிரிச் சொல்வார்கள். இலங்கை கொடுகடன் தகவல் பணியகம் என்பது அதன் முழுப்பெயர். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டானது. அது கறுப்புப் பட்டியல் இல்லை. வங்கியில் லோன், கார்ட், லீசிங் கம்பனியில் எடுத்த மோட்டார் சைக்கிள், ஓட்டோ, உழவு இயந்திரம் எல்லாம் அங்கே பதிவாகும். ஒழுங்காகக் கட்டியதும் பதிவாகும், பிந்திக் கட்டியதும் பதிவாகும். உங்களுக்குக் கடன் கொடு, கொடுக்காதே என்று கிரிப் யாருக்கும் சொல்வதில்லை. அறிக்கையைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது வங்கி. இப்போது புள்ளியும் போடுகிறார்கள், 250இலிருந்து 900 வரை. கூடினால் நல்லது.

இதில் நமக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. பதினைந்து வருடமாக ஊரில் சீட்டுக் கட்டி ஒரு தவணைகூடப் பிந்தாத அக்கா ஒருவர் இருப்பார். கடைக் கொப்பியில் அவர் பேருக்குத் தனி மரியாதை. வீடு திருத்த லோன் கேட்டு வங்கிக்கு வந்தால், கிரிப்பில் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. சீட்டும் கொப்பியும் அங்கே போவதில்லை. அவருடைய நாணயம் ஊருக்குத் தெரியும், கொழும்பில் இருக்கிற கணினிக்குத் தெரியாது. படுவான்கரைப் பக்கம் கிழமைக் கடன், அதாவது கிழமைக்குக் கிழமை கட்டுகிற நுண்கடன், எடுத்துப் பெண்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் கடன் என்ற சொல்லுக்கே விலகி ஓடுவதும் நியாயம்தான். ஆனாலும் நாளைக்கு வீட்டுக்கோ தொழிலுக்கோ வங்கிக்குப் போக வேண்டி வரும் என்றால், இன்றே சின்னதாக ஒரு பதிவு இருப்பது நல்லது.

அதற்குக் கார்ட் உதவும். சம்பளச் சிட்டை இல்லாத மீன் வியாபாரி, தையல்காரர் போன்றவர்கள் நிலையான வைப்பு ஒன்றைப் போட்டு, அதன் பேரில் கார்ட் கேட்கலாம். பல வங்கிகள் கொடுக்கும். வங்கி மூன்று லட்சம் லிமிட் தருகிறேன் என்றாலும் ஐம்பதாயிரம் போதும் என்று எழுதிக் கொடுங்கள். மாதம் எப்படியும் செலவாகிற போன் பில், பெற்றோல் இரண்டை மட்டும் அதில் போடுங்கள். சம்பளமோ வியாபாரக் காசோ விழுகிற கணக்கிலிருந்து முழுத் தொகையும் தானாகப் போகும்படி ஸ்டாண்டிங் ஓடர் போட்டுவிட்டால் மறதிக்கும் இடமில்லை. "முழுத் தொகை" என்று படிவத்தில் குறிக்க வேண்டும், கவனம். சும்மா கையெழுத்து வைத்தால் மினிமத்தை மட்டும் வெட்டும்படி போட்டுவிடுவார்கள். ஒரே மாதத்தில் நாலு வங்கிக்கு விண்ணப்பம் போடவும் வேண்டாம். ஒவ்வொரு வங்கியும் உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்த்ததுகூடக் கிரிப்பில் பதிவாகும். இந்த மனிதருக்குக் காசு நெருக்கடி போலும் என்று அடுத்த வங்கி நினைக்கும்.

வட்டி வேண்டாம் என்று மார்க்கத்தின்படி ஒதுங்கி நிற்கிற நேயர்களுக்கு டெபிட் கார்ட் தாராளமாகக் காணும். ஆனால் இஸ்லாமிய முறையில் எடுத்த வாகன வசதிக்கும் கிரிப்பில் பதிவு உண்டு என்பது ஞாபகத்தில் இருக்கட்டும்.

பிணையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நம் ஊரில் அரசாங்க வேலை கிடைத்த மறுமாதமே சொந்தக்காரர் ஒருவர் படிவத்தோடு வந்துவிடுவார். "ஒரு கையெழுத்துத்தான் மகன்." அது ஒரு கையெழுத்து அல்ல, அவருடைய முழுக் கடன். உங்கள் அறிக்கையில் பிணைக்காரர் என்ற பகுதியில் அது இருக்கும். அவர் கட்டாமல் விட்டால் நிலுவை அங்கே தெரியும். வீட்டுக் கடனுக்கு வந்த ஆசிரியை ஒருவர், "சேர், நான் ஒரு சதமும் எடுக்கல்லையே" என்று என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறார். எடுத்தது மச்சான், ஓட்டோவுக்கு. ஓட்டோவை விற்று இரண்டு வருடம். மாட்டேன் என்று சொல்வது உறவில் கஷ்டம், அதனால் வேறு விதமாகச் சொல்லுங்கள்: "சரி நிற்கிறேன், ஆனால் மாதாமாதம் கட்டின பற்றுச்சீட்டை எனக்கு வட்ஸ்அப்பில் போட வேண்டும்" என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். இதற்குக் கோபிக்கிறவருக்குப் பிணை நிற்காமல் விடலாம்.

உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம். அடையாள அட்டையோடு வங்கிக் கிளைக்குப் போனால், ஒரு கட்டணம் செலுத்திப் பெறலாம். கிரிப்பின் இணையத்தளம் வழியாகவும் கேட்கலாம். அதில் பிழை இருந்தால், அந்த விபரத்தை அனுப்பிய வங்கியோ கம்பனியோதான் திருத்த வேண்டும். கடனை எப்போதோ அடைத்திருப்பீர்கள், அங்கே இன்னும் நிலுவை என்று கிடக்கும். அதனால்தான் லீசிங் முடிந்த அன்றே முடித்துவிட்ட கடிதத்தை வாங்கிக் காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன்.

ஏற்கனவே சிக்கிக்கொண்டவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். முதலில் கார்ட் பாவிப்பதை நிறுத்துங்கள். ஒரு கார்ட்டில் எடுத்து மற்றக் கார்ட்டுக்குக் கட்டுவதையும் நிறுத்துங்கள். வங்கியிலிருந்து கோல் வந்தால் எடுக்காமல் இருக்கவேண்டாம். கிளைக்கு நேரில் போய், "மாதம் இவ்வளவுதான் என்னால் முடியும், இதைத் தவணைக் கடனாக மாற்றித் தாருங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள். தவணைக் கடனின் வட்டி பெரும்பாலும் கார்ட்டைவிடக் குறைவு, முடிகிற மாதமும் தெரியும். கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் வங்கி முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் இல்லை, அல்லது வசூலுக்கு வருகிறவர்கள் வீட்டு வாசலில் நின்று அக்கம்பக்கம் கேட்கச் சத்தம் போடுகிறார்கள் என்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம். தமிழிலேயே பேசுங்கள். முத்திரை வாங்கிய அந்தப் பிரதி அப்போது கையில் இருக்க வேண்டும், முதலில் கேட்பது அதைத்தான்.

நன்றி, வணக்கம்.