ராத்திரி பதினொன்றுக்கு எங்கே நிற்பீர்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

நாகர்கோவிலில் ஒரு லாட்ஜில் நெடுங்காலம் மேனேஜராக இருந்தவன் நான். வெளியூரிலிருந்து போன் வரும். "சார், ரூம் இருக்கா?" என்பார்கள். இருக்கு என்றதும் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி அடுத்த கேள்வி வரும்: "அங்கே நைட்ல என்ன சார் இருக்கு?"

பெங்களூர் மாதிரி ஆட்டம் பாட்டம் வேண்டுமென்றால் குமரி மாவட்டம் சரிப்படாது. டாஸ்மாக் கடையே பத்து மணிக்கு ஷட்டரை இறக்கிவிடும். அதற்காக நம்ம ஊர் எட்டரைக்கே போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் தப்பான தெருவில் ரூம் போட்டிருப்பார், அவ்வளவுதான்.

ரூம் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று. ராத்திரி பதினொரு மணிக்கு நீங்கள் எங்கே நிற்க ஆசைப்படுகிறீர்கள்? அங்கிருந்து நடந்து திரும்புகிற தூரத்தில் ரூம் போடுங்கள். பத்து மணி தாண்டினால் டவுன் பஸ்ஸை நம்ப முடியாது. ஆட்டோ கிடைக்கும், ஆனால் பகல் வாடகையில் கிடைக்காது.

இன்னொன்று, கேட். கன்னியாகுமரியில் ஒருமுறை சொந்தக்காரர்களோடு ரூம் எடுத்திருந்தேன். கடற்காற்று வாங்கிவிட்டு பதினொன்றேகாலுக்குத் திரும்பினால் கிரில் கேட்டில் பூட்டு. உள்ளே வாட்ச்மேன் தலை வரைக்கும் போர்வையை இழுத்துப் படுத்திருக்கிறார். பூட்டை ஆட்டினோம், கூப்பிட்டோம், போன் போட்டோம். ரிசப்ஷனில் போன் அடிக்கிற சத்தம் வெளியே எங்களுக்குக் கேட்கிறது, அவருக்குக் கேட்கவில்லை. லாட்ஜ்காரனுக்கே இந்தக் கதி! அன்றிலிருந்து நான் எங்கே போனாலும் வாடகை கேட்பதற்கு முன்னால் கேட் பூட்டும் நேரத்தைத்தான் கேட்கிறேன்.

சரி, நாகர்கோவிலுக்கு வருவோம். மணிமேடை, மீனாட்சிபுரம் பக்கம் ரூம் எடுத்தால் நகைக்கடை, ஜவுளிக்கடை வெளிச்சமெல்லாம் ஒன்பதரை வரை ஜெகஜோதியாக இருக்கும். கடை சாத்தியதும் அந்த ரோடா இது என்று கேட்கத் தோன்றும். குடும்பத்தோடு வந்து சீக்கிரம் தூங்குகிறவர்களுக்கு அது நல்ல இடம்.

எனக்குப் பிடித்தது வடசேரிதான். வெளியூர் பஸ்கள் வந்து போகும் நிலையம் அங்கே இருப்பதால் எந்நேரமும் ஆள் நடமாட்டம் உண்டு. கனகமூலம் சந்தையும் பக்கத்தில். பன்னிரண்டு மணிக்கு ஒரு தட்டுக்கடை முன்னால் போய் நின்று பாருங்கள். கல்லில் பரோட்டாவை அடுக்கி இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கித் தட்டுகிற சத்தம், திருவனந்தபுரம் பஸ்ஸிலிருந்து தூக்கக் கண்ணோடு இறங்குகிறவர்கள், கடுங்காப்பி டம்ளரை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு நிற்கும் டிரைவர்கள். "ரசவடை தீந்து போச்சு மக்கா, ஆம்லேட் போடட்டா?" என்று கடைக்காரர் கேட்பார். ஆனால் ரூம் ரோட்டைப் பார்த்து இருந்தால் ஹாரன் சத்தத்தில் தூக்கம் போச்சு. பின்பக்க ரூமைக் கேட்டு வாங்குங்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். அதனாலென்ன, சுவர் ஹாரன் அடிக்காது.

மார்கழியிலும் டிசம்பரிலும் வருகிறவர்களுக்கு நான் சொல்வது கோட்டாறு. சவேரியார் திருவிழா பத்து நாள் நடந்து டிசம்பர் 3-ல் முடியும். கடைசி நாட்களில் ராத்திரி தேர் வரும்போது, நேர்ச்சைக்காகத் தெருவில் உருண்டு வருகிறவர்களைப் பார்க்கலாம். திருவிழாக் கடைகளில் நடுராத்திரியிலும் வளையலுக்குப் பேரம் நடக்கும். மார்கழி பிறந்தால் சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் திருவிழா. அங்கே தங்க இடம் குறைவு. கோட்டாற்றில் ரூம் போட்டால் இடலாக்குடி வழியாகச் சட்டென்று போய்விடலாம். தேரோட்டத்தன்று நள்ளிரவில் சப்தாவர்ணம். விழாவுக்கு வந்திருந்த கோட்டாறு பிள்ளையாரும் வேளிமலை முருகனும் தாய் தகப்பனிடம் விடைபெறுகிற காட்சி அது. வாகனங்கள் முன்னுக்கு வருவதும் பின்னுக்குப் போவதுமாக, போக மனசில்லாத பிள்ளைகள் மாதிரியே ஆடும். பக்கத்தில் நிற்கும் பாட்டிமார் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள்.

கன்னியாகுமரியில் கதை வேறு. சபரிமலை சீசனில், அதாவது நவம்பர் பாதியிலிருந்து ஜனவரி வரை, சன்னதித் தெருவில் சங்கும் பாசியும் விற்கும் கடைகள் வெகுநேரம் திறந்திருக்கும். ரூம் வாடகையும் அதற்கேற்ப ஏறும். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு மாலையோடு சரி. அந்தப் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தை ராத்திரியில் கரையில் நின்று பார்க்கலாம், நடக்க முடியாது. சீசன் இல்லாத நாளில் ஒன்பதரைக்கே தெரு காலி. அதற்குக் காரணம் உண்டு. நாலரை மணிக்கெல்லாம் ரூம் பாய் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வருவான், "சார், சன்ரைஸ்!" என்று. அந்த ஊரின் ராத்திரி நம் ராத்திரிக்குப் பின்பக்கத்தில் இருக்கிறது.

அதே ஊரில் அதிகம் பேர் போகாத இடம் ஒன்று உண்டு, சின்னமுட்டம் துறைமுகம். அங்கே விசைப்படகுகள் காலை ஐந்துக்குப் புறப்பட்டு ராத்திரி ஒன்பதுக்குள் கரை சேர வேண்டும் என்பது முறை. ஒன்பது மணிக்கு அங்கே நின்றால் ஏலம் கூவுகிற சத்தம் காதைப் பிளக்கும். லைட் வெளிச்சத்தில் கணவாயும் நெத்திலியும் பளபளக்கும். பழைய செருப்பு போட்டுப் போங்கள், தரையெல்லாம் ஐஸ் தண்ணீர். வலை இழுப்பவர்களுக்கு வழிவிட்டு நில்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை போக வேண்டாம், மீன்பிடித் தடைக்காலம். குளச்சல் பக்கம் மேற்குக் கடல் கணக்கு, அங்கே ஜூன், ஜூலையில் தடை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம்!

தூக்கமே வராதவர்களுக்குத் தோவாளை. பூச்சந்தைக்கு விடிவதற்கு வெகுநேரம் முன்பே லோடு வந்துவிடும். அங்கே ரூம் தேட வேண்டாம். வடசேரியிலேயே தங்கி, ஆட்டோக்காரரிடம் முந்தின நாளே வாடகை பேசி வைத்துவிடுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முகத்தில் அடிக்கும், காதுக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். பிச்சிப்பூவை மூட்டையிலிருந்து கொட்டும்போது எழும் வாசனை சட்டையில் ஒட்டிக்கொண்டு ரூம்வரை கூடவே வரும். வந்து கேட்டைத் தட்டினால் வாட்ச்மேன், "இப்பதான் வாறீங்களா, இல்ல இப்பதான் போறீங்களா?" என்று கேட்பார்.

நன்றி, வணக்கம்.