தங்கவயலின் கொல்லுப்பட்டறை

நேயர்களுக்கு வணக்கம். கோலார் தங்கவயல் என்றதும் பாதாளத்தில் இறங்கிய தொழிலாளியும் பங்களாவில் இருந்த துரையும்தான் நம் நினைவுக்கு வருவார்கள். நான் பேச வந்தது கொல்லரைப் பற்றி.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வேலையைக் கையில் எடுத்த பிறகு, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சனங்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். ஏர் ஓட்டியவர் பாறை உடைக்கப் போனார். ஏருக்குக் கொழு அடித்தவரும் கூடவே போனார். அப்படிப் போன ஒரு கொல்லரின் மகன் என் தாத்தா. மூங்கில் தட்டி வீட்டில் வளர்ந்து, அதே பட்டறையில் சம்மட்டி பிடித்தவர்.

அம்மி கொத்துகிறவரைப் பார்த்திருப்பீர்கள். நாலு வீடு போவதற்குள் உளி மழுங்கிவிடும். தங்கம் இருந்ததோ குவார்ட்ஸ் என்ற மிகக் கடினமான பாறைக்குள். வெடி வைக்க அதில் துளை போட்டாக வேண்டும். மழுங்கிய துளைக்கம்பிகள் கட்டுக்கட்டாக மேலே பட்டறைக்கு வரும்; கூராகித் திரும்ப இறங்கும். கம்பி போகாவிட்டால் கீழே வேலை நின்றுவிடும்.

தாத்தா ஓய்வுபெற்ற பிறகு, ஒருநாள் பக்கத்து வீட்டு உளியைத் தோய்த்தார். "ஜன்னல்ல சாக்கைப் பிடிடா, வெயில் விழுந்தா நிறம் தெரியாது" என்றார். சிவக்கக் காய்ச்சி அடித்து, நுனியை மட்டும் தண்ணீரில் முக்கினார். எடுத்துக் கல்லில் ஒரு தேய். பளபளத்த இடத்தில், பின்னாலிருந்த சூடு நுனியை நோக்கி நிறம் நிறமாக நகர்ந்து வந்தது. முன்னால் வைக்கோல் நிறம், அதன் பின்னால் ஊதா, அதற்கும் பின்னால் நீலம். வைக்கோல் நிறம் நுனியைத் தொட்டதுதான் தாமதம், உளி முழுசாகத் தண்ணீருக்குள் போனது. முந்தினால் நுனி தெறிக்கும், பிந்தினால் மடங்கும். அளக்க ஒரு கருவியும் கிடையாது, நேயர்களே. கண்தான். மறுபடியும் சொல்கிறேன், வெறும் கண்தான். அத்தனை தங்கமும் அந்தக் கண்ணைத் தாண்டித்தான் மேலே வந்தது. கணக்குப் புத்தகத்தில் அவருக்கு வெறும் தினக்கூலி என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த கதையையும், பூமிக்கடியில் பாறை வெடித்துச் சிதறும் ஏர்பிளாஸ்ட் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். இன்று முடியாது. துளைக்கம்பிக்கு லேசில் மழுங்காத டங்ஸ்டன் கார்பைடு நுனி வந்த பிறகு இந்தக் கைவேலை எல்லாச் சுரங்கங்களிலும் சுருங்கியது. 2001 பிப்ரவரி 28-இல் தங்கவயலையே மூடினார்கள். தாத்தாவின் குறடு எங்கள் வீட்டில் இருக்கிறது. பிடி இரண்டும் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். நன்றி, வணக்கம்.