இரண்டு தீவுகள்

நேயர்களுக்கு வணக்கம். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் ஊரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். நான் விலங்கியல் வாத்தியாராக இருந்தவன் என்று தெரிந்த ஒருவர், இறால் பண்ணையில் வேலை செய்கிறவர், பக்கத்தில் வந்து கேட்டார்: "சார், இந்த வெனாமி இறாலை டைனோசர் படத்துல வர்ற மாதிரி மரபணுவ மாத்தித்தான் செஞ்சாங்களாமே? திங்கலாமா?"

இல்லை என்றேன். வெனாமி, அமெரிக்கக் கண்டத்துப் பசிபிக் கரையோர இறால். இங்கே வளர்க்க 2009-இல் அனுமதி கிடைத்தது. நன்றாக வளர்ந்ததைப் பொறுக்கி, அதன் குஞ்சில் நல்லதைப் பொறுக்கி, திரும்பவும் பொறுக்கி உருவாக்கினார்கள். கிடை போடுகிறவர் நல்ல கிடாயாகப் பார்த்து நிறுத்துகிறாரே, அதே வேலைதான். தலையாட்டினார், ஆனால் நம்பியதாகத் தெரியவில்லை. அந்தப் படம் அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது.

1993-இல் வந்த 'ஜுராசிக் பார்க்' அது. மரப்பிசினில் சிக்கிய கொசு, அதன் வயிற்றில் டைனோசர் ரத்தம், ரத்தத்தில் டி.என்.ஏ. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டி.என்.ஏ. வெயிலில் கிடக்கிற பழைய வலை மாதிரி, நைந்துகொண்டே போகும். நியூசிலாந்தில் அழிந்துபோன மோவா பறவையின் எலும்புகளை வைத்து 2012-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 521 ஆண்டுக்கு ஒருமுறை பாதிக் கண்ணி அறுந்துவிடுகிறது. உறைகுளிரிலேயே கிடந்தாலும் 68 லட்சம் ஆண்டில் ஒரு கண்ணிகூட மிஞ்சாது. டைனோசர் அழிந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டு ஆகிறது. நூலே இல்லாதபோது எதைப் பொத்துவது?

நம் படமும் ஒன்று இருக்கிறது. 2011-இல் வந்த '7ஆம் அறிவு'. சுமார் 1,500 ஆண்டுக்கு முன் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் துறவி போதிதர்மரின் வம்சத்து இளைஞனின் டி.என்.ஏ.வைத் தட்டி எழுப்பினால் அவருடைய வித்தை திரும்ப வந்துவிடும் என்பது கதை. அப்பாவிடமிருந்து பாதி, தாத்தாவிடமிருந்து ஏறக்குறைய கால், இப்படியே குறைந்துகொண்டு போனால் பத்தாவது தலைமுறையில் 1,024 முன்னோர்கள் பங்குக்கு நிற்பார்கள். 1,500 ஆண்டு என்றால் சுமார் அறுபது தலைமுறை. அதில் ஒரே ஒருவருடைய பங்கைத் தேடினால் ஒன்றும் அகப்படாமலே போகலாம். அதுகூடப் போகட்டும், கற்றுக்கொண்ட வித்தை டி.என்.ஏ.வில் ஏறுவதே இல்லை. சங்கு குளிக்கிறவர் மகனும் தண்ணீரில் இறங்கித்தான் மூச்சடக்கப் பழகியாக வேண்டும். உடம்பு மாறும், அது வேறு. தலைமுறை தலைமுறையாகக் கடலில் மூழ்கி வாழும் இந்தோனேசியாவின் பஜாவ் மக்களுக்கு, மூச்சடக்கி இருக்க உதவுகிற மண்ணீரல், பக்கத்து ஊர்க்காரர்களைவிட ஒன்றரை மடங்கு பெரிது என்று 2018-இல் கண்டார்கள். அதுவும் உறுப்புதான், வித்தை இல்லை.

டைனோசர் பொய்யால் யாருக்கும் கேடில்லை. 'எல்லாம் ரத்தத்திலேயே இருக்கு' என்ற பொய் அப்படியா? அதைச் சொல்லித்தானே இந்த ஊரில் எத்தனையோ பேரை வாசலுக்கு வெளியே நிறுத்தினோம்.

சரி, டைனோசருக்கே திரும்புகிறேன். அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது ஒரு பூட்டு. தீவில் விலங்குகள் தாமாகப் பெருகிவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் பெண்ணாகவே உருவாக்குவார்கள். ஆனால் டி.என்.ஏ. அறுந்த இடங்களைத் தவளையின் டி.என்.ஏ. வைத்து ஒட்டியிருப்பார்கள். சில தவளைகள் பெண்ணிலிருந்து ஆணாக மாறுமாம். அப்புறம் பார்த்தால் காட்டில் முட்டை கிடக்கும். நம் கடற்கரை ஆட்களுக்கு இதில் என்ன அதிசயம்? கொடுவா மீன் முதலில் ஆண், பெருத்த பிறகு பெண். களவா அதற்கு நேர்மாறு.

படம் வந்து 22 வருஷம் கழித்து அந்தப் பூட்டு நிஜத்திலும் வந்தது. 2015-இல் அமெரிக்கா, மரபணு மாற்றிய சால்மன் மீனை உணவாக விற்க அனுமதித்தது. வேறு ஒரு சால்மனின் வளர்ச்சி மரபணுவைச் சேர்த்ததால், ஏறக்குறைய பாதிக் காலத்தில் எடைக்கு வந்துவிடும் மீன் அது. எல்லாமே பெண். அது போதாது என்று, மரபணுக்களைச் சுமக்கிற குரோமோசோம் இரண்டு தொகுதிக்குப் பதில் மூன்று, அதனால் மலடு. அதுவும் போதாது என்று தரையில் கட்டிய தொட்டியில்தான் வளர்க்க வேண்டும். கடலில் கூண்டு போட அனுமதி கிடையாது. பயந்துதான் செய்திருக்கிறார்கள். அந்தப் பயம் எனக்குப் பிடித்திருக்கிறது.

மனுஷனைத் தொட்டியில் வைக்க முடியாது. 2018-இல் சீன விஞ்ஞானி ஹ ஜியான்குய், எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கட்டும் என்று கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். மறு வருஷம் அவருக்கு மூன்றாண்டு சிறை. குழந்தைகள் உடம்பில் செய்த திருத்தத்தைத் திரும்ப எடுக்க முடியாது. அது அவர்கள் பெறப்போகும் பிள்ளைகளுக்கும் போகலாம். அவர்களில் யாரையும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

படத்தில் வந்தது ஒரு தீவு. இப்போது இரண்டாவது தீவு. மன்னார் வளைகுடாவில் இருக்கிற நம் குருசடைத் தீவு. பாலனோகிளாஸஸ் புழுவைப் படிக்க விலங்கியல் மாணவர்கள் தேடி வந்த தீவு. இந்தக் கரைக்கு கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியைக் கொண்டுவந்து, மூங்கில் மிதவையில் கட்டி வளர்த்தார்கள். ஐஸ்கிரீம் முதல் பற்பசை வரை கெட்டிப்படச் சேர்க்கிற சரக்கு அதிலிருந்து வருகிறது. அதனால் நம் பெண்கள் பல பேருக்குக் கைக்காசும் வந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் 2008-இல், அது குருசடையில் உயிருள்ள பவளத்தின் மேலேயே படர்ந்து கிடப்பதை ஆய்வாளர்கள் எழுதினார்கள். யாரும் அதன் மரபணுவைத் தொடவில்லை. அதற்கு ஆணும் வேண்டாம், பெண்ணும் வேண்டாம். ஒடிந்த துண்டு ஒன்று நீரோட்டத்தில் போய் ஒட்டினால் போதும்.

வனத்துறை ஆள் விட்டுக் கையால் பிய்த்து எடுத்தது. பிய்க்கும்போது உதிர்கிற துண்டும் முளைக்கும். எந்தப் படத்திலும் இந்தக் காட்சியை நான் பார்த்ததில்லை.

டீக்கடையில் கேட்டவருக்கு நான் பாதிப் பதில்தான் சொன்னேன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வெனாமி எப்படி உருவானது என்பதை மட்டும் விளக்கிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். "உங்க பண்ணைத் தண்ணி எந்த ஓடையில போய் விழுது தம்பி?" என்று நானும் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். அடுத்த முறை பார்க்கும்போது கேட்கிறேன்.

நன்றி, வணக்கம்.